பெஞ்சுக்கு ரெண்டு ஓரம்

— தப்பு கேமை ஆடிப் பார்த்த வைஷாலியோடது. என் புதிர்ல ரெண்டு விடை வராது, கோகுல். அஞ்சு பாகம் வெளில வந்தாச்சு. ஒண்ணுலயாவது வந்துதா?

— இல்லீங்க சார். அதனாலதான் நானும் மொதல்ல அவளை வஞ்சேன். ஒழுங்கா யோசிச்சு ஆடு புள்ளைன்னு. காலைல இருந்து மத்தியானம் வரைக்கும் அதையே கட்டிட்டு அழுதாளுங்க. அவ வச்ச விடையைக் கேம் தப்புங்குது, கடைசித் துண்டைத் தர மாட்டேங்குது. படம் ஓட்டையோட நிக்குது.

— சிங்ககட் கோட்டை மழைப் படமா?

— அதேதானுங்க. ஆறாம் பாகத்துக்கே கடைசிப் படம். எல்லாத் துண்டும் சேர்ந்துருச்சு. மேல் மூலைல ஒரு மேகம் மட்டும் இல்லை. இந்தப் புதிரை விடுவிச்சாத்தான் அது கெடைக்கும்.

— அவ குறிப்பைப் பொறுமையாப் படிக்கலை. அவ்வளவுதான், முடிஞ்சுது. சியாமளா, இவனுக்கு சாய் போடு. கராடிலேர்ந்து லோஹேகாவ் வரைக்கும் வெயில்ல பைக்ல வந்திருக்கான், அதுவும் லீவு நாள்ல.

— போட்டுண்டுதான் இருக்கேன். கோகுல், நீ ஏன் அந்தப் பக்கம் உக்காந்துண்டே? இந்த நாற்காலிக்கு வா. அவருக்கு வலப்பக்கம் உக்காந்தாத்தான் பேச வசதி.

— சரிங்க மாமி.

— ஏம்ப்பா, இதை ஃபோன்ல சொல்லப்படாதா? இதுக்காக இவ்வளவு தூரம் வரணுமா?

— ஃபோன்ல சொல்ல மனசு வரலீங்க. ஆபீஸ்ல எனக்கும் வைஷாலிக்கும் தவிர வேற யாருக்கும் தெரியாது. ரீனாவுக்குத் தெரியாது.

— தெரிஞ்சா தெரியட்டுமே. ரீனா என்ன பண்ணுவா என்னை?

— உங்களுக்குத் தெரியாததுங்களா சார்? அவங்க மேனேஜரா வந்த நாள்ல இருந்து ஒரே பாட்டுத்தான். புதிர் எழுத மனுசன் எதுக்கு, மெஷின்கிட்டச் சொன்னா ஒரே நாள்ல மூட்டை மூட்டையா எழுதித் தள்ளும்னு. நான்தான் மல்லுக்கு நின்னு தடுத்து வச்சிருக்கேன். துக்டா கேமை வாங்கறவங்க சார் பேரைப் பார்த்து வாங்கறாங்க, இது கையால எழுதுன புதிர், இதை மெஷின் கையில குடுத்தா அப்புறம் துக்டா துக்டாவா இருக்காதுன்னு சொல்லிட்டு இருக்கேன்.

— டப்பா மேல என்ன போட்டிருக்கு, சொல்லு.

— 'ஒவ்வொரு புதிருக்கும் ஒரே விடை. ஊகிக்க வேண்டாம், யோசித்தால் போதும்.' அதுக்குக் கீழ உங்க பேருங்க.

— அந்த வாக்கியத்துக்கு நான் ஜவாப்தாரி. ஆகுர்டில ஃபாக்டரிக்குப் போயிண்டு, ஷிஃப்ட் முடிஞ்சு வந்து புதிர் போட்ட காலத்துலகூட நான் அதுல தப்பினதில்லை. எனக்கு ஸ்ட்ரோக் வந்துடுத்துன்னு எல்லாரும் இப்ப பூதக்கண்ணாடியை எடுத்துண்டு வரேள்.

— அய்யோ, அப்படி இல்லீங்க சார். சத்தியமாச் சொல்றேன், முந்தின அஞ்சு பாகத்தையும் இந்த ஆறாம் பாகம் தூக்கிச் சாப்பிட்டுரும். எங்க பசங்க ஆடிப்போட்டு வாயடைச்சுப் போயிட்டாங்க. அந்தக் கல்யாணச் சமையக்கட்டுப் புதிர் இருக்குதுங்களே, அதுல அஞ்சாவது குறிப்பு, 'உப்புப் போட்டவர் ருசி பார்க்கவில்லை'ன்னு. அந்த ஒரு வரில மொத்தமும் அவுந்துருது. நெம்ப அழகுங்க.

— ஆறாவது.

— என்னங்க மாமி?

— அது ஆறாவது குறிப்பு. அஞ்சாவது ரசத்தைப் பத்தினது. டைப் அடிச்சவ நான்தானே, அதான் ஞாபகம் இருக்கு.

— எப்படிங்க சார் தோணுச்சு அது?

— எது?

— அந்த உப்புங்க.

— ஓ. அது எப்படியோ வந்தது.

— இவர் படுத்துண்டே சொல்வார், கோகுல். நான் எழுந்து எழுதி வச்சுப்பேன். காலைல படிச்சுக் காட்டினா, நானா சொன்னேன்னு கேப்பார். அந்த மாத்திரை அப்படி மறக்கடிக்கறது. இந்தா, சாய். பாகர்வடி எடுத்துக்கோ. ஏன்னா, உங்களுக்கும் வச்சிருக்கேன், சாப்பிடுங்கோ.

— சாப்பிடறேன். கோகுல், நீ அந்தப் பஸ் ஸ்டாப் புதிரை என் எதிர்லயே பிரிச்சுக் காட்டு. எங்கே ரெண்டு விடை வரதுன்னு நானும் பார்க்கறேன்.

— பஸ் ஸ்டாப்புல ஒரு பெஞ்சு. அஞ்சு பேர் உக்காந்திருக்காங்க. குறிப்பெல்லாம் சேர்த்தா இப்படி வருதுங்க. நடுவுல பூக்காரம்மா. நர்ஸ் ஓரத்துல. நர்ஸை ஒட்டி காலேஜ் பொண்ணு. பூக்காரம்மாவுக்கு அந்தப் பக்கம் வாட்ச்மேன், அவருக்கு அடுத்து தபால்காரர். சரிங்களா?

— சரி. நன்னா வந்திருக்கே. இதுல என்ன சந்தேகம்?

— நர்ஸ் எந்த ஓரத்துல உக்காந்திருக்காங்க?

— வலது ஓரத்துல.

— வலதுன்னு எந்தக் குறிப்புலயும் இல்லீங்களே சார்.

— எதுக்குப் போடணும்? ஓரம்னா ஓரம்தானே.

— பெஞ்சுக்கு ரெண்டு ஓரம் இருக்குதுங்களே.

— இன்னொரு ஓரத்துல தபால்காரர்னா இருக்கார்.

— அவரு அங்கதான் இருக்காருன்னு எது சொல்லுதுங்க?

— எல்லாரையும் உக்கார வச்சாச்சு. மிஞ்சினது அவர். மிஞ்சின இடம் அது. வேற எங்கே போவார்?

— நீங்க வலப்பக்கம் இருந்து நிரப்பிட்டு வரீங்க, அதனால அப்படித் தெரியுது. இடப்பக்கம் இருந்து நிரப்பினா நர்ஸ் இடது ஓரத்துக்கு வந்துருவாங்க, அப்படியே மொத்தமும் திரும்பிரும். அதுக்கும் எல்லாக் குறிப்பும் பொருந்துதுங்க.

— இடப்பக்கத்துலேர்ந்து எவன்ப்பா நிரப்புவான்?

— எல்லாருமேங்க சார். படிக்கறதே அந்தப் பக்கம் இருந்துதானுங்களே.

— இரு, இரு. ப்ளேன் போகட்டும். ஒரு வார்த்தை காதுல விழலை.

— இன்னைக்கு என்னமோ விடாமப் பறக்கறான். ஏர்ஃபோர்ஸ்காரனுக்கு ஞாயிறு ஏது. ஏன்னா, சாய் ஆறறது பாருங்கோ.

— சாய் கிடக்கட்டும். கோகுல், புதிர் போடறதுல முதல் பாலபாடம் என்ன தெரியுமோ? கண்ணாடில பார்த்தா மாறிடற மாதிரி போடப்படாது. இடமும் வலமும் மாறினா வேற விடை வரும்னா அது புதிரே இல்லை, குப்பை. இந்தப் பாலபாடத்துலயா நான் தப்புவேன்? உனக்கே இது அபத்தமாப் படலையா?

— படுதுங்க சார். அதனாலதான் எனக்கு நம்பவே முடியலை. எதுக்குன்னு சொல்லாம நாலு பேரைத் தாள்ல போட்டுப் பார்க்கச் சொன்னேன். ரெண்டு பேருக்கு நர்ஸ் இந்த ஓரம், ரெண்டு பேருக்கு அந்த ஓரம்.

— அப்போ அந்த நாலு பேருமே சரியாப் படிக்கலை.

— சார், கோவிச்சுக்காதீங்க. பாகர்வடில பாதியை வச்சிட்டீங்களே. சாப்பிட்டுட்டே பேசலாம்ங்க.

— எல்லாத்தையும் சாப்பிட்டாச்சே. தட்டு காலி.

— இல்லீங்க, அங்க இன்னும்...

— கோகுல், நீ பேசாம இரு. தட்டை இப்படிக் குடுங்கோ நான் பார்க்கறேன். இந்தாங்கோ.

— ஓ. இன்னும் போட்டியா?

— ஆமா, இன்னும் நாலு போட்டேன். சாப்பிடுங்கோ.

— போறும் போறும்கறேன், கேக்கமாட்டேங்கறா. பாரு கோகுல், என்னைக் குண்டோதரன் ஆக்கறதுதான் இவளுக்கு இப்ப வேலை. ஸ்கூல்லேர்ந்து ரிடையர் ஆனதுலேர்ந்து திருத்தறதுக்கு வேற பேப்பரும் இல்லை பாவம், என்னைத் திருத்திண்டிருக்கா.

— சார், டிவி ஓரத்துல அந்தச் செகப்பு டேப் எதுக்குங்க ஒட்டியிருக்கு?

— எந்த டேப்?

— ஏன்னா, மணி அஞ்சாச்சு. மாத்திரை போட்டுண்டு வந்துடுங்கோ. பெட்ரூம்ல டப்பால எடுத்து வச்சிருக்கேன். தண்ணியும் அங்கேயே இருக்கு.

— அதுக்கு ஒரு நேரமா? சரி, வரேன். நீ எங்கேயும் ஓடிடாதே கோகுல். வந்து உன் நர்ஸை உக்கார வைக்கறேன்.

— இருக்கேனுங்க சார்.

— கதவை நான் திறந்து விடறேன். பார்த்து. தோள்பட்டை இடிச்சுக்காதீங்கோ. ...கோகுல், மெதுவாப் பேசு, அவர் காது மட்டும் பாம்புக் காது.

— மாமி, நீங்க ஒண்ணும் புதுசாப் போடலீங்களே. தட்டைத் திருப்பித்தான வச்சீங்க.

— ஆமாம்.

— அப்படீன்னா?

— அவருக்கு இடப்பக்கம்னு ஒண்ணு கிடையாதுப்பா. கண்ணு நன்னாத்தான் இருக்கு. மூளைக்குத்தான் அந்தப் பக்கம் உலகம் இருக்கறதே மறந்துபோயிடறது. தட்டுல பாதி சாப்பிடுவார், காலின்னுடுவார். ஷேவ் பண்ணிண்டு வந்தா ஒரு கன்னம் அப்படியே இருக்கும். டாக்டர் கடிகாரம் வரையச் சொன்னார், பன்னண்டு எண்ணையும் ஒரு பாதிலயே நெருக்கி அடிச்சு எழுதிட்டார். அந்த டேப் தெரபிஸ்ட் ஒட்டினது. மொதல்ல செகப்பைத் தேடிக் கண்டுபிடி, அப்புறம் படத்தைப் பாருன்னு பழக்கினா. இப்ப அந்த டேப்பே அவருக்குத் தெரியறதில்லை, பார்த்தியோனோ.

— அவருக்கு இது தெரியுங்களா?

— டாக்டர் சொன்னது தெரியும். சரியாப் போச்சுன்னு நெனச்சிண்டிருக்கார். பாதி சரியாயிடுத்துன்னு டாக்டரும் சொன்னார், எந்தப் பாதின்னு சொல்லலை.

— அய்யோ மாமி. அப்ப அந்தப் பெஞ்சுல அவருக்கு ஒரே ஓரம்தான் தெரிஞ்சிருக்கு.

— தெரியறதோனோ? அப்படின்னா விட்டுடேன். எனக்காக. அந்தப் புதிரை எடுக்காதே.

— எப்படிங்க விடறது?

— 'வலது'ன்னு ஒரு வார்த்தை சேர்த்தா முடிஞ்சுது. இதுக்கு என்ன பெரிய ராமாயணம்?

— சேர்க்க முடியாதுங்க. எட்டு மொழில மொழிபெயர்த்துப் பூட்டியாச்சு. ஒரு எழுத்தைத் தொட்டாலும் எட்டையும் மறுபடி பார்க்கணும். நாளைக்குத் திங்கக்கிழமை கேம் கன்சோல் கம்பெனி சோதனைக்குப் போயாகணும், இல்லாட்டித் தீபாவளிக்குக் கடைக்கு வராது. ஏன் லேட்டுன்னு ரீனா கேட்டா, காரணத்தைச் சொல்லித்தான ஆகணும்? ஆனா முழுப் புதிரையும் எடுத்துட்டு, கையிருப்புல இருக்கற உபரிப் புதிரை அந்த இடத்துல வச்சா யாருக்கும் தெரியாதுங்க. அதுவும் எட்டு மொழிலயும் ரெடியா இருக்கு.

— ரெண்டு விடையையும் சரின்னு ஒத்துக்கச் சொல்லு உன் கேமை.

— அப்புறம் டப்பா மேல இருக்கற வாக்கு பொய்யாயிரும்ங்களே. மொத நாளே எவனாவது கண்டுபிடிச்சு நெட்டுல போட்டுருவான். ரீனாவுக்கு அதுவே போதும். மாமி, நீங்க கணக்கு டீச்சருங்க. இது தப்புன்னு என்னைவிட உங்களுக்கு நல்லாத் தெரியும். டைப் அடிக்கறப்பவே தெரிஞ்சிருக்கணுமே?

— தெரிஞ்சுது.

— தெரிஞ்சுமா அனுப்புனீங்க?

— அனுப்பினேன். எப்படிச் சொல்லுவேன்? இதுக்கு அவர் ரொம்பப் பாடுபட்டார், கோகுல். அவ்வளவுதான் நான் சொல்ல முடியும். வேற எதை வேணா எடு. உப்புப் புதிரை எடு. நீ கொண்டாடறியே, அதையே எடுத்துக்கோ. எனக்கு ஒண்ணும் வருத்தம் கிடையாது. இதை மட்டும் விட்டுடு.

— நல்லா இருக்கறதை எடுத்துட்டுக் கெட்டதை வைக்கச் சொல்றீங்களே. மத்ததெல்லாம் இருக்குதுங்களே சாருக்கு. இது ஒண்ணு போனா என்னங்க?

— உனக்குப் புரியாதுப்பா.

— என்ன புரியாது அவனுக்கு?

— ஒண்ணுமில்லேன்னா. லோஹேகாவ்ல தண்ணிக் கஷ்டம் பத்திச் சொல்லிண்டிருந்தேன். உக்காருங்கோ.

— சியாமளா, நான் மாத்திரை போட்டுண்டேன், போர்த்திண்டு தூங்கலை. கோகுல், எழுந்திரு. என்ன சொன்னா இவ உங்கிட்ட? இடப்பக்கம் எனக்குத் தெரியலைன்னா?

— சார்...

— சொன்னாளா இல்லையா?

— சொன்னாங்கங்க.

— அது போன வருஷக் கதை. இப்ப நான் நன்னாப் பார்க்கறேன். நீயே சோதிச்சுப் பாரேன். எனக்கும் ஒரு முடிவு தெரியட்டும்.

— வேண்டாம்னா. அவன் சின்னப் பையன், அவனை எதுக்கு இதுல இழுக்கறேள்?

— அவன் சோதிக்கறவன். அதுக்குத்தான் சம்பளம் வாங்கறான். சோதி கோகுல்.

— சார், எனக்கு இது பிடிக்கலீங்க.

— எனக்கும்தான் பிடிக்கலை. பண்ணு.

— சரிங்க. மாமி, மன்னிச்சுக்கங்க, சமையக்கட்டுல இருந்து நாலஞ்சு சாமான் எடுத்துக்கறேன். இந்த மேசை மேல வரிசையா வைக்கறேனுங்க சார். இதுதான் பெஞ்சு. வச்சிட்டேன். எண்ணுங்க.

— மூணு.

— என்னென்னங்க?

— சர்க்கரை டப்பா, கண்ணாடி டம்ளர், ஓரத்துல ஸ்டீல் டம்ளர். தப்பாச் சொல்லிட்டேனா?

— இப்ப எந்திரிச்சு மேசைக்கு அந்தப் பக்கம் போய் உக்காருங்க சார். நான் எதையும் தொடலை, மாமியும் தொடலை. கையைத் தூக்கிட்டே நிக்கறேன், பாருங்க. இப்ப எண்ணுங்க.

— மூணு.

— என்னென்னங்க?

— சர்க்கரை டப்பா. பீங்கான் கப். சொம்பு... இந்தப் பித்தளைச் சொம்பை எப்ப வச்சே?

— மொதல்ல இருந்தே இருக்குதுங்க.

— டம்ளர் ரெண்டையும் எங்கே எடுத்துண்டு போனே?

— எடுக்கலீங்க சார். அங்கதான் இருக்குது.

— பொய் சொல்லாதே.

— கையால தடவிப் பாருங்க. சொம்புல இருந்து ஆரம்பிச்சு அப்படியே நகர்த்திட்டே போங்க. மெதுவாங்க. டப்பாவோட நிறுத்தாதீங்க, இன்னும் அந்தப் பக்கம் போங்க.

— சொம்பு. கப். டப்பா. ...கண்ணாடி. ...ஸ்டீல்.

— அஞ்சுங்க.

— அஞ்சு.

— ஏன்னா, போறும். வாங்கோ, கொஞ்ச நாழி படுத்துக்கோங்கோ.

— இரு சியாமளா. அங்கேயும் ஒரு ஓரம் இருந்திருக்கு. நான் பார்க்கவே இல்லை. பயமா இருக்கு கோகுல். கண்ணு தெரியலைன்னா, தெரியலைங்கறதாவது தெரியும். எனக்கு எல்லாம் பளிச்சுனு தெரியறது. முழுசாத் தெரியறது. அதுலதான் பாதி இல்லை.

— சார், தண்ணி குடிங்க.

— நான் போட்ட பெஞ்ச்ல அந்த நர்ஸ் ரெண்டு ஓரத்துலயும் உக்காரலாம். உன் வைஷாலி சொன்னதுதான் சரி. நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லு அவகிட்ட.

— அதெல்லாம் வேண்டாங்க. அவ ஒண்ணும் நெனச்சுக்க மாட்டா.

— சொல்லணும். பாவம், அந்தப் பொண்ணு தன் புத்தியைத்தானே சந்தேகப்பட்டிருப்பா அரை நாள் முழுக்க. புதிரை எடுத்துடு.

— ஏன்னா, வேண்டாம். எனக்கு நன்னா இருக்கு அந்தப் புதிர். இருந்துட்டுப் போகட்டும்.

— சியாமளா, ஒன்பதாங்கிளாஸ் பையன் இப்படிக் கணக்குப் போட்டு எடுத்துண்டு வந்தா நீ மார்க் போடுவியா?

— எனக்குத் தெரியாது. இதுக்குப் போடுவேன்.

— அசடு. எடுத்துடு கோகுல். உபரிப் புதிர் எதோ இருக்குன்னியே, உள்ளேருந்து காதுல விழுந்தது. அதை வச்சுடு.

— சரிங்க சார். திங்கக்கிழமை போயிரும், ரீனாவுக்கு ஒண்ணும் தெரியாது. வைஷாலி வாயைத் திறக்க மாட்டா, அதுக்கு நான் ஜவாப்தாரி. நீங்க தைரியமா இருங்க.

— ம்.

— சார், ஒண்ணு சொல்லட்டுங்களா? இது ஒண்ணு போச்சேன்னு மனசை விட்டுறாதீங்க. இந்தத் தப்பு வேற எதுலயாச்சும் இருக்குமோன்னு எனக்கே பயம் வந்துருச்சு. நேத்து ஒவ்வொண்ணா எடுத்து, நேராவும் திருப்பியும் ஆடிப் பார்த்தேன். ஒண்ணுலகூட இல்லீங்க. எல்லாம் தங்கம்.

— இருக்காது.

— அதைத்தானுங்க நானும் சொல்றேன். இந்த ஒடம்பை வச்சுட்டு, இப்படி ஒரு கஷ்டத்தை வச்சுட்டு, இத்தனையும் சொக்கத்தங்கமா எழுதியிருக்கீங்களே. மெஷின் எழுதுமாங்க இதை? மறுபடியும் ரீனா வாயைத் திறக்கட்டும், நான் பார்த்துக்கறேன். டப்பா மேல உங்க பேர் ஜம்முனு இருக்கும்.

— டப்பாலேர்ந்து என் பேரை எடுத்துடு.

— சார்?

— அட்டை இன்னும் அச்சுக்குப் போகலையே? சியாமளான்னு போடு. சியாமளா விஸ்வநாதன்னு போட்டாலும் சரி, வெறும் சியாமளான்னு போட்டாலும் சரி. அவ இஷ்டம்.

— என்ன பேச்சு இது? டைப் அடிச்சவ பேரை யாராவது அட்டைல போடுவாளா? கோகுல், அவர் ஏதோ கலக்கத்துல பேசறார். நீ கிளம்பு, நாழியாறது. நாளைக்குப் பேசிக்கலாம்.

— நீ உக்காரு சியாமளா. இங்கே, என் வலப்பக்கம் வந்து உக்காரு. உன் மூஞ்சி எனக்குத் தெரியணும்.

— ஏன்னா, வேண்டாமே.

— நான் படுத்துண்டு சொல்றேன், நீ எழுதிக்கறேன்னே. ஒவ்வொரு நாளும் காலைல படிச்சுக் காட்டினே. உப்பைப் போட்டவன் ருசி பார்க்கலைன்னு நான் சொன்னேன்னே. நானும், அப்படியா, நானா சொன்னேன்னு கேட்டுண்டேன். உனக்கு அதுல ஒரு நிம்மதி இருந்தது, அதைக் கெடுப்பானேன்னு விட்டுட்டேன்.

— உங்களுக்குத் தெரியுமா?

— இத்தனை வருஷம் புதிர் போட்டவன்டி நான். இது என் கையா, வேற கையான்னு எனக்குத் தெரியாதா? நீ என்னைவிட நன்னாப் போடறே.

— சார், எனக்குப் புரியலீங்க. ஒரே ஒரு புதிர் தப்பாப் போச்சுன்னு மொத்தத்துக்கும் பேரை விட்டுக் குடுப்பாங்களா யாராச்சும்?

— இந்தப் பாகத்துல நான் போட்டது, நீ இப்ப எடுத்தியே, அந்த ஒண்ணுதான் கோகுல்.